வாப்பாவின் முகத்துக்கு எந்தச் சோப்பு?



சவரம் செய்வதற்குக் கட்டிச் சோப்பு நல்லதா, குழைவான கிரீம் நல்லதா என்பது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி. மார்க்கம் பேசும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் மீசையைக் கத்தரிப்பதும், நகம் வெட்டுவதும், உடலில் களைய வேண்டிய முடிகளைக் களைவதும் மனித இயற்கையைச் சார்ந்த தூய்மைகள் என நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்திருப்பதை அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பில் காண்கிறோம். இவற்றை நாற்பது நாள்களுக்கு மேல் தள்ளிப்போடலாகாது என்ற வரம்பை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முடி களைவதற்கே நாள் கணக்குச் சொன்ன மார்க்கத்தில், அதற்காக முகத்தில் எதைப் பூசுகிறோம் என்ற சிந்தனையும் இடம்பெறத் தகுந்ததுதான்.

இந்தச் சிந்தனைக்குள் என்னைக் கொண்டுவந்தவர்கள் என் வாப்பா. பக்கவாதத்தால் அவர்களின் வலக்கை செயலிழந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வெள்ளிக்கிழமை காலையில் அவர்களுக்குச் சவரம் செய்துவிடும் பொறுப்பு என்னுடையது. தாடியை அவர்கள் ஒருபோதும் மழித்ததில்லை. இப்போதும் அதில் நான் கைவைப்பதில்லை. தாடியின் எல்லைக்கு மேலே கன்னத்தில் வளரும் முடியையும், கீழே கழுத்தில் படர்வதையும் மட்டும் மழித்து, மீசையைக் கத்தரியால் ஒழுங்கு செய்வேன். உடலின் மற்ற சுத்தங்களை உம்மா பார்த்துக்கொள்கிறார்கள். மகனின் பார்வைக்கு உரியதல்லாத இடத்தில் மனைவிக்கு உரிமை இருப்பது அல்லாஹ் செய்த பேருதவி.

எழுபது வயதைக் கடந்தவர்களின் தோல் மெலிந்து, வறண்டு, மடிந்து கிடக்கும். வாப்பா இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் உண்கிறார்கள். பிளேடு சற்று இழுத்தாலும் கசியும் இரத்தம் எளிதில் நிற்காது. ஆகவே நுரை என்பது எங்கள் வீட்டில் அலங்காரப் பொருளன்று. அவர்களின் தோலுக்கும் பிளேடுக்கும் இடையே இருக்கும் ஒரே பாதுகாப்பு அதுதான்.

முதன்முறை சோப்பைக் குழைத்துக்கொண்டு நான் அருகில் சென்றபோது, வாப்பா இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்கள். பேச்சு குழறினாலும் கேள்வி தெளிவாக இருந்தது: “இந்தச் சவர்க்காரத்தில் என்ன கொழுப்பு, தம்பி?” இளமையில் பல ஆண்டுகள் கொழும்பில் மளிகைக் கடையில் நின்றவர்கள் அவர்கள். சோப்பைச் சவர்க்காரம் என்று சொல்லும் பழக்கமும், எந்தப் பொருளையும் உறையைப் படித்துவிட்டே விற்கும் பழக்கமும் அங்கிருந்து வந்தவை. இப்போது அவர்களால் அந்தச் சிறிய எழுத்துகளைப் படிக்க இயலாது. அவர்களுக்காகப் படிக்க வேண்டியவன் நான்.

கேள்வியின் நியாயம் புரிய வேண்டுமானால் சோப்பு உண்டாகும் விதத்தைச் சற்று அறிய வேண்டும். எண்ணெயோ கொழுப்போ காரத்துடன் வினைபுரியும்போது சோப்பும் கிளிசரினும் பிறக்கின்றன. அந்தக் காரம் சோடியம் சார்ந்ததாக இருந்தால், அதாவது காஸ்டிக் சோடாவாக இருந்தால், சோப்பு இறுகிக் கட்டியாகும். பொட்டாசியம் சார்ந்த காரமாக இருந்தால் இளகி, பிசைந்த மாவின் பதத்தில் நிற்கும். தண்ணீரிலும் விரைவாகக் கரையும். கட்டிக்கும் குழைவுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் அடிப்படை பெரும்பாலும் இதுவே.

இந்த வேறுபாடு தொழிற்சாலைகள் தோன்றுவதற்கு முன்பே மண்ணில் இருந்தது. பாலஸ்தீனத்தின் நாப்லுஸிலும் சிரியாவின் அலெப்போவிலும் ஆலிவ் எண்ணெயில் சோப்புக் காய்ச்சியவர்கள், பாலைவனத்து உவர்ச்செடிகளை எரித்த சாம்பலைப் பயன்படுத்தினார்கள். அச்சாம்பலில் சோடியம் மிகுதி. எனவே அவர்களின் சோப்பு கல்லைப் போல் இறுகியது, முத்திரை குத்தி அடுக்கிவைத்துத் தொலைதூரம் அனுப்ப முடிந்தது. வட ஐரோப்பாவின் காட்டு மரச் சாம்பலில் பொட்டாசியம் மிகுதி. அங்கே கிடைத்தது இளகிய சோப்பு. காரத்தைக் குறிக்க ஐரோப்பியர் வழங்கும் ‘அல்கலி’ என்ற சொல்லே அரபியில் அந்தச் செடிச் சாம்பலைக் குறித்த ‘அல்கலீ’ என்பதிலிருந்து சென்றதுதான். நாப்லுஸ், அலெப்போ சோப்புத் தொழில்கள் இரண்டையும் 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோ தனது பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் அத்தகைய ஆலிவ் சோப்பு குளிக்கச் சிறந்ததே தவிர, சவரத்துக்கு அவ்வளவாக உதவாது. அதன் நுரை மெல்லியது. வழுவழுப்பு உண்டு, தடிமன் இல்லை. தேங்காயெண்ணெய்ச் சோப்பு உடனே பெருங்குமிழிகளாகப் பொங்கும். அதே வேகத்தில் அடங்கிவிடும், தோலையும் வறளச் செய்யும். சவரத்துக்குத் தேவைப்படுவது சிறு சிறு குமிழிகள் நெருக்கமாக நின்று, தண்ணீரைப் பிடித்துவைத்து, சில நிமிடங்கள் கலையாதிருக்கும் நுரை. அதைத் தருவது ஸ்டியரிக் அமிலம். ஆகவேதான் நல்ல ஷேவிங் சோப்புகளில் ஸ்டியரிக் அமிலம் மிகுதியாகவும், சோடியம், பொட்டாசியம் என இரு காரங்களும் கலந்தும் இருக்கும். பொட்டாசியத்தின் பங்கு கூடக்கூடக் கட்டி இளகிக் கிரீமை நெருங்கும்.

வாப்பாவின் கேள்வி வந்து நிற்கும் இடம் இதுதான். ஸ்டியரிக் அமிலம் மாட்டுக் கொழுப்பிலும் ஆட்டுக் கொழுப்பிலும் இயல்பாகவே நிறைய உண்டு. பாமாயில் போன்ற தாவர எண்ணெய்களிலிருந்தும் அதைத் தயாரிக்கலாம். உறையின் பின்புறத்தில் சோடியம் டாலோவேட், பொட்டாசியம் டாலோவேட் என்று அச்சிட்டிருந்தால் அது விலங்குக் கொழுப்பு. சோடியம் பாமேட் என்றால் பாமாயில். கோகோயேட் என்றால் தேங்காயெண்ணெய். வெறுமனே ஸ்டியரிக் அமிலம் என்றோ கிளிசரின் என்றோ இருந்தால் அது இரண்டில் எதிலிருந்தும் வந்திருக்கலாம். நம் நாட்டில் பல சோப்புகளின் உறையில் காணப்படும் பச்சைப் புள்ளி இங்கே நமக்கும் பயன்படுகிறது: விலங்குக் கொழுப்பே இல்லையென்றால், அது எந்த விலங்கு, எப்படி அறுக்கப்பட்டது என்ற கேள்விகளும் இல்லை. கட்டி, கிரீம் இரண்டிலும் இரு வகையும் உண்டு. ‘கிரீம் என்றால் தாவரம், கட்டி என்றால் கொழுப்பு’ என்று எண்ணுவதற்கு ஆதாரம் இல்லை.

இனி மார்க்கச் சட்டத்தின் பக்கம் வருவோம். நாங்கள் கடலோரத்து ஷாஃபிஈகள். இஸ்லாமிய முறையில் அறுக்கப்படாத பிராணியின் கொழுப்பு எங்கள் மத்ஹபில் நஜீஸ். பன்றியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நஜீஸான ஒரு பொருள் உருமாறித் தூய்மையாவதை எங்கள் இமாம்கள் மிகக் குறுகிய எல்லையில்தான் ஏற்கிறார்கள். மது தானாகப் புளித்துக் காடியாவதும், நாய், பன்றி அல்லாதவற்றின் தோல் பதனிடப்படுவதும் அதற்கு எடுத்துக்காட்டுகள். என் மனைவியின் குடும்பத்தார் ஹனஃபிகள். அவர்களின் மத்ஹபில் உருமாற்றத்துக்கு, அதாவது ‘இஸ்திஹாலா’வுக்கு, விரிந்த இடமுண்டு, நஜீஸான எண்ணெய் சோப்பாக மாறிவிட்டால் அது தூய்மையானதே என்ற தீர்ப்பு அவர்களின் சட்ட நூல்களில் தெளிவாக உள்ளது. 1995ஆம் ஆண்டு குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு நடத்திய கருத்தரங்கிலும், இவ்வாறு உருமாறிய சோப்பைப் பயன்படுத்தலாம் என்ற முடிவே எட்டப்பட்டது.

என் மச்சான் இஸ்தான்புல் சென்று திரும்பியபோது எனக்கென்று ஒரு குச்சிச் சோப்பு வாங்கிவந்தார். அதன் உறையில் முதல் பெயரே பொட்டாசியம் டாலோவேட். அவர் அதே சோப்பை நிம்மதியாகப் பயன்படுத்துகிறார். அவர் மத்ஹபின்படி அதில் எக்குறையும் இல்லை. முஸ்லிம் நாட்டில் தயாரானது என்ற நல்லெண்ணத்தில் நானும்கூட அதை எனக்கென வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் ஊர் ஆலிம் ஒருவர் சொன்னார். வாப்பாவிடம் செய்தியைச் சொன்னேன். ஐயமானதை விட்டு ஐயமற்றதை நாடச் சொன்ன நபிமொழியை அவர்கள் நினைவூட்டினார்கள். மச்சானைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. “அவருக்கு அவர் இமாம் இருக்கிறார்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இதிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாயிற்று. பேணுதல் என்பது ஒருவர் தமக்காகத் தேர்ந்துகொள்வது. அதைப் பிறர்மீது சுமத்தலாகாது. அதே அளவுக்கு, பிறருடைய பேணுதலை நம் வசதிக்காகத் தளர்த்தவும் நமக்கு உரிமையில்லை. தன் கையால் செய்துகொள்ள முடியாத ஒருவர் நம்மிடம் முகத்தை ஒப்படைத்துக் கண்ணை மூடுகிறார். நாம் எதைப் பூசினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. தெரியப்போவதில்லை என்பதாலேயே அது அமானத். நோயாளிகளையும் முதியோரையும் பராமரிக்கும் சகோதர சகோதரிகள் சோப்பில் மட்டுமன்று, மருந்திலும் உணவிலும் ஆடையிலும் இதை நாள்தோறும் சந்திக்கிறார்கள். அவர் நலமாக இருந்திருந்தால் எதைத் தேர்ந்திருப்பாரோ, அதைத் தேடித் தருவதே நம் கடமை.

சோப்பைப் பேசும்போது பலர் மறந்துவிடும் பொருள் பிரஷ். கட்டிச் சோப்பில் நுரை எழுப்பப் பிரஷ் கட்டாயம் வேண்டும். கிரீமை விரலாலும் பூசிவிடலாம். சவர பிரஷ்களில் ஒரு பெரும் வகை பன்றி மயிரால் ஆனது. சோப்பில் கொழுப்பு உருமாறியது என்று சொல்ல முடிந்தவர்களும் இங்கே அப்படிச் சொல்ல முடியாது. மயிர் மயிராகவே இருக்கிறது. நம் பகுதியில் பரவியுள்ள ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் பன்றியின் மயிர் நஜீஸ்தான். அதிலும் ஈரத்தோடு அது முகத்தில் பட்டால், ஒருமுறை மண் கலந்து ஏழுமுறை கழுவும் சட்டம் ஷாஃபிஈகளுக்கு உண்டு. சோப்பின் உறையை ஆராய்ந்துவிட்டுப் பிரஷைப் பாராதிருப்பது, கிணற்றை மூடிவிட்டு வாளியை அழுக்கில் வைப்பது போன்றது. செயற்கை இழையால் ஆன பிரஷ்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. மென்மையாக இருக்கின்றன, விரைவில் உலர்ந்தும் விடுகின்றன. ஐயமிருந்தால் ஓர் இழையைத் தீயில் காட்டிப் பாருங்கள். செயற்கை இழை உருகி மணியாகச் சுருளும். மயிராக இருந்தால் கருகும், அந்த வாடையே சொல்லிவிடும். எந்த விலங்கின் மயிர் என்பதை இந்தச் சோதனை காட்டாது. மயிரா அல்லவா என்பதை மட்டுமே காட்டும்.

அடுத்தது தண்ணீர். இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் எப்படியிருக்கும் என்பது அங்கு வாழ்ந்தோருக்குத் தெரியும். அந்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெண்படிவமாகிவிடுகின்றன. நுரையாக வேண்டிய சோப்பு கிண்ணத்தின் ஓரத்தில் பிசுக்காக ஒட்டுகிறது. கட்டிச் சோப்பிலிருந்து பிரஷ் எடுப்பது சிறிதளவு சோப்பு. அதில் ஒரு பகுதி இப்படி வீணானால் எஞ்சுவது நீர்த்த நுரைதான். கிரீமில் தேவையான அளவு பிதுக்கி எடுப்பதால் இழப்பு தெரிவதில்லை. ஆனால் இழப்பு அதிலும் உண்டு. நல்ல வழி, சவரத்துக்கென்று ஒரு குவளை நன்னீரை ஒதுக்கிவைப்பது. காவிரிக் கூட்டுக் குடிநீரோ, பிடித்துவைத்த மழைநீரோ ஒரு குவளை போதும். இரு வகைச் சோப்பும் அதில் நன்றாக நுரைக்கும். ஏறத்தாழ முக்கால் லிட்டருக்கும் குறைவான ஒரு முத்து நீரில் ஒளூவை முடித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு, குழாயைத் திறந்துவிட்டபடி சவரம் செய்வது பொருந்தாது.

விலங்குக் கொழுப்பு இல்லாத கட்டி ஒன்றும், கிரீம் ஒன்றும் வாங்கி, சில வாரங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன். கட்டியில் எழும் நுரை அடர்த்தியானது; பிரஷ் சுழலும்போது படிந்த முடிகள் நிமிர்கின்றன. ஆனால் அந்த நுரை பதத்துக்கு வருவதற்கு எனக்கு மூன்று நான்கு நிமிடங்கள் ஆகின்றன. அவ்வளவு நேரம் தலையணையில் சாய்ந்து முகத்தை உயர்த்திவைத்திருப்பது வாப்பாவுக்குக் களைப்பு. தண்ணீர் சற்றுக் குறைந்தாலும் நுரை விரைவில் உலர்ந்து பிளேடு இழுக்கிறது. அவர்களின் தோலில் அந்தப் பிழைக்கு இடமில்லை. கிரீமோ சில நொடிகளில் நுரைக்கிறது. உலர்ந்தால் ஈர விரலால் தொட்டாலே மீண்டும் இளகுகிறது. மடிந்த தோலை இடக்கை விரலால் இழுத்துப் பிடித்து, பிரஷ் எட்டாத கழுத்து மடிப்பில் விரலாலேயே பூசிவிட முடிகிறது. ஆகவே வாப்பாவுக்குக் கிரீம் என்று முடிவாயிற்று. அவர்களும் அதையே விரும்பினார்கள். காரணம் கேட்டபோது, பிரஷைவிட விரல் இதமாக இருக்கிறது என்றார்கள்.

எனக்கு நான் வைத்துக்கொண்டது கட்டி. என் தோல் தாங்கும். எனக்கு அவசரமும் இல்லை. கட்டியிலிருந்து தேவைக்கு மேல் எடுக்க நினைத்தாலும் பிரஷ் எடுக்காது. கிரீமைத் தேவைக்கு மேல் பிதுக்காத கை அரிது. கிண்ணத்தை உலர வைத்தால் கட்டி பல மாதங்கள் வரும், முடிந்தபின் எறிவதற்குப் பிளாஸ்டிக் குழாயும் மிஞ்சாது. நுரை பதமாகும்வரை காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் காலை திக்ருக்கும் உதவுகின்றன.

உம்ராவுக்குச் செல்வோர் கருத வேண்டிய ஒன்றும் இதில் உண்டு. தலைமுடி களைவதோடுதான் உம்ராவின் இஹ்ராம் முடிகிறது. அதுவரை நறுமணம் பூசத் தடை நீடிக்கிறது. எனவே தலையை மழிக்கும்போது பூசும் சோப்போ நுரையோ நறுமணம் சேர்க்காததாக இருத்தல் வேண்டும். அத்தகைய சிறு கட்டி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால், கட்டி என்பதால் விமானத்தில் திரவக் கட்டுப்பாட்டின் தொல்லையும் இராது.

வீட்டில் முதியவர் ஒருவருக்குச் சவரம் செய்துவிடுவோருக்கு நான் கண்ட சில குறிப்புகளைச் சொல்லி முடிக்கிறேன். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை முதலில் இரண்டு நிமிடம் முகத்தில் வையுங்கள். எந்தச் சோப்பும் செய்யாத வேலையை அது செய்யும். புதிய பிளேடைப் பயன்படுத்துங்கள், அழுத்தாதீர்கள். முடி வளரும் திசையிலேயே ஒருமுறை மழித்தால் போதும். வழவழப்பு நம் நோக்கமன்று. சோப்பின் காரம் வறண்ட தோலை மேலும் வறளச் செய்யும் என்பதால் நுரையை நன்கு கழுவிவிட்டு, ஒளூவையும் தொழுகையையும் முடித்தபின் சிறிது தேங்காயெண்ணெய் தடவுங்கள். சிறு கீறலில் ஈரப் படிகாரக் கல்லை மெல்ல வைத்தால் இரத்தம் நிற்கும். இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை உண்பவர்களுக்குச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துச் சில நிமிடங்கள் பொறுமையோடு இருங்கள். மின்சவரக் கருவி அவர்களுக்கு ஏற்றதா என மருத்துவரிடம் கேட்பதும் நல்லது.

பெற்றோர் முதுமையை அடையும்போது அவர்களிடம் ‘சீ’ என்ற சொல்லையும் உச்சரிக்கலாகாது எனத் திருமறை நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. அந்தக் கட்டளை நாவோடு நின்றுவிடுவதில்லை, கைக்கும் உரியது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். சிறுவயதில் நமக்கு முகம் கழுவிவிட்ட கைகளுக்கு இன்று நம் கை தேவைப்படுகிறது. அந்தக் கையில் தூய்மையையும் மென்மையையும் நம்பகத்தையும் வல்ல இறைவன் தந்தருள்வானாக. நம் பெற்றோரில் வாழ்வோருக்கு நலத்தையும், மறைந்தோருக்கு மன்னிப்பையும் அவன் வழங்குவானாக. ஆமீன். அல்லாஹ்வே மிக்க அறிந்தவன்.